ரோட்டு நடுவே போன கோடு

நகராட்சி அலுவலக மாடியில், ஜன்னலோரமாக ஒரு சாய்வு மேசை. இருபத்திரண்டு வருடமாக அதில் குனிந்து வரைபடம் போடுகிறவளை அலுவலகம் முழுக்க அக்கா என்றுதான் கூப்பிடும், அவளைவிட வயதில் மூத்த மேலதிகாரி உட்பட. கை அவ்வளவு சுத்தம். வாங்கின ரப்பர் வாங்கினபடியே இருக்கிறது என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பண்ணுவார்கள். அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

வார்டுகளைப் புதிதாகப் பிரிக்கும் வேலை வந்தபோது மேலதிகாரி மூன்றே விஷயம் சொன்னார். வார்டுக்கு வார்டு தலைக்கணக்கு சமமாக இருக்க வேண்டும், எல்லை ரோட்டையோ வாய்க்காலையோ ஒட்டிப் போக வேண்டும், எந்த வீட்டையும் இரண்டாகப் பிளக்கக் கூடாது. பதினோரு நாளில் முடித்துவிட்டாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கிறது என்றார் அவர். ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று படத்தை வாசல் பலகையில் ஒரு மாதம் ஒட்டிவைத்தார்கள். வேலைவெட்டியை விட்டு அதை யார் வந்து பார்ப்பார்கள்? ஒரு ஈ காக்கைகூட எட்டிப்பார்க்கவில்லை.

அவளும் அவள் தம்பியும் குடியிருந்தது சாயப்பட்டறைத் தொழிலாளர் குடியிருப்பில். நடுவில் அகலமான ரோடு, இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள். குழாயைத் திறந்தால் ஒரு நாள் நீலத் தண்ணீர், ஒரு நாள் சிவப்பு. தம்பி மகளுக்கு ஐந்து வயது, உடம்பெல்லாம் புண். நல்ல தண்ணீர் கேட்டு நகராட்சிக்கு நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். நம்மில் ஒருவன் உள்ளே போய் உட்கார்ந்தால்தான் நல்ல தண்ணீர் வரும் என்று தம்பி தேர்தலில் நின்றான்.

ஆனால் புது எல்லை அந்த ரோட்டின் நட்டநடுவில் போயிருந்தது. கிழக்குப் பக்கம் கடைவீதியோடு சேர்ந்தது, மேற்குப் பக்கம் பங்களாக்காரர்களோடு. தம்பி நின்றது கிழக்கில். எதிர்வீட்டு இஸ்திரிக்காரி வாக்குச்சீட்டில் மேலும் கீழும் தேடியும் அவன் சின்னம் கிடைக்காமல், யாருக்கோ ஒரு குத்துக் குத்திவிட்டு அழுதுகொண்டே வெளியே வந்தாள். கடைவீதி வியாபாரி ஜெயித்தார். பத்துப் பேரில் மூன்று பேர் போட்டதே அவருக்குப் போதும், மீதி ஏழு பேரின் ஓட்டு நாலு பேருக்குச் சிதறிப்போயிற்று. தம்பி தோற்றது நூற்றெழுபது ஓட்டில். ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் மட்டும் அவனுக்கு விழ வேண்டிய எண்ணூறு ஓட்டு இருந்தது.

அக்காவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்தக் கோட்டைப் போடும்போது அது தன் ரோடு என்று அவளுக்குத் தெரியும். தலையை எண்ணச் சொன்னார்கள், எண்ணினாள். அந்தத் தலைகள் யாரோடு சேர்ந்து தண்ணீருக்கு வரிசையில் நிற்கின்றன என்று யாரும் கேட்கவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

மறுவாரம் தம்பி கோர்ட்டுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தான். வியாபாரி காசை அள்ளிவிட்டு எவனையோ பிடித்துத்தான் குடியிருப்பைப் பிளந்திருக்கிறான், அந்த ஆள் யாரென்று அக்கா அலுவலகத்தில் விசாரித்துச் சொன்னால் போதும் என்றான். மகள் அவன் மடியில் உட்கார்ந்து முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"யாரையும் தேட வேண்டாம்டா. அந்தக் கோட்டப் போட்டது நான்தான்."

தம்பியின் பேனா நின்றது.

"காசு வாங்கினியா?"

"இல்ல."

"யாராவது மிரட்டினாங்களா? இல்ல, கை தவறிப் போட்டுட்டியா?"

"இல்லடா. சட்டப்படி, சரியாத்தான் போட்டேன்."

அவன் மனுவை இரண்டாக மடித்தான். குழந்தையின் கையைப் பிடித்துச் சொறியவிடாமல் தடுத்தான். கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"தப்பா போட்டிருந்தா கோர்ட்டுல சொல்லித் திருத்தலாம்க்கா," என்றான். "சரியா போட்டத எங்க போய்த் திருத்துறது?"