சங்குகளோடு வைத்த ஃபிலிம் சுருள்

எழுபதுகளின் கடைசியில் அந்தமானின் போர்ட் பிளேயரில் கலர் ஃபிலிம் கழுவ வழியில்லை. மெயின்லேண்ட் போகிறவரிடம் கொடுத்தனுப்புவோம். நாங்கள் குடியிருந்த பாம்பூஃப்ளாட்டில் பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள், அண்மையில் காலமான தன் கணவரின் கடைசிப் படங்கள் இருந்த சுருளை என்னிடம் தந்தார்.

“ஏர்போர்ட் எக்ஸ்ரே மெஷின்ல விட்டா கெட்டுப்போகுமாம். கையில எடுத்துக் காட்டிருங்கண்ணே.”

“எனக்குத் தெரியாதா? நான் படிச்சவன்மா” என்றேன்.

விமானம் மாறிய இடத்தில், வரிசையில் நின்றுகொண்டு பையைப் பிரிக்கக் கூச்சப்பட்டு அப்படியே மெஷினில் விட்டேன். உறவினர்களுக்கு எடுத்துப்போன சங்குகள் திரையில் என்னவென்று புரியாமல், காவலர் “ஃபிர் சே டாலோ”, மறுபடி போடு, என்று நான்கு முறை பையை விடச் சொன்னார். நான்கு முறையும் வாய் திறக்காமல் விட்டேன். அந்த மடத்தனத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மெட்ராஸில் கழுவியபோது எல்லாப் படமும் மூட்டம். ஒரு முகம்கூடத் தெரியவில்லை.

ஊர் திரும்பி, “ஸ்டூடியோக்காரன் கெடுத்துட்டான்” என்று பொய் சொன்னேன்.

இப்போது பிறர் பொருளைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கையால் சோதிக்கும்படி யாராயிருந்தாலும் கேட்டுவிடுகிறேன். உங்கள் பத்திரிகைக்கு எழுதிய இக்கடிதத்தை முதலில் அந்தோணியம்மாளிடம்தான் வாசித்துக் காட்டினேன்.

“இத்தனை வருஷமா அந்த ஸ்டூடியோக்காரரையில்ல சபிச்சேன்” என்றார். இந்த முறை ‘அண்ணே’ என்று சொல்லவில்லை.