எடுக்காமல் விட்ட கடைசிக் காட்சி

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற அந்த அம்மாவை அங்கே எல்லாரும் மேடம் என்பார்கள். அவளைப் பொடிசு என்று கூப்பிட்டவள் உலகத்தில் ஒருத்திதான். அந்த ஒருத்தி மேல்மாடி வீட்டுப் பெண். கொடிக்கம்பம் மாதிரி வளர்ந்திருந்ததால் அவளுக்கு நெட்டை என்று பேர். ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. ஒருத்திக்குச் சளி பிடித்தால் இன்னொருத்தி தும்முவாள் என்று வாத்தியார்கள் கேலி செய்வார்கள்.

பதினாறு வயதில் இருவரும் சேர்ந்து ஒரு படம் எடுக்க ஆரம்பித்தார்கள். நெட்டையின் அப்பா விசேஷங்களுக்கு வீடியோ எடுப்பவர். "கீழ போட்டீங்க, தோலை உரிச்சிருவேன்" என்று சொல்லிப் பழைய கேமரா ஒன்றைக் கொடுத்திருந்தார். கதை நெட்டையுடையது. ஊரை விட்டுப் போகிற ஒருத்தி, வழியனுப்புகிற ஒருத்தி. மாடிப்படி, பள்ளிக்கூட வாசல், துணி காயும் மொட்டைமாடி என்று பத்துக் காட்சிகளைச் சிரித்துக்கொண்டே எடுத்து முடித்தார்கள். பாக்கி இருந்தது, பஸ் நிலையத்தில் விடைபெறுகிற காட்சி மட்டும்.

அந்த வாரம்தான் நெட்டை சொன்னாள். "அப்பாவுக்கு வேற ஊர்ல ஸ்டூடியோ கிடைச்சிருக்குடி. பரீட்சை முடிஞ்சதும் கிளம்புறோம்."

அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் அது நிஜமாகவே நடந்துவிடும் என்று எப்படியோ ஒரு பயம் பொடிசின் மனதில் புகுந்துகொண்டது. ஒரு நாள் தலைவலி என்றாள். ஒரு நாள், படத்தில் போடுகிற சட்டை ஈரமாக இருக்கிறது என்றாள். சாக்குத் தீர்ந்துபோனதும், கேமராவின் சார்ஜரை எடுத்துத் தன் அப்பாவின் மழைக்கோட்டுப் பையில் ஒளித்து வைத்தாள். நெட்டை இரண்டு நாள் வீட்டையே தலைகீழாகப் புரட்டினாள். அப்பாவிடம் திட்டும் வாங்கினாள். பொடிசும் கூடவே தேடினாள்.

கிளம்புகிற நாள், சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நின்றபோது, பொடிசு சார்ஜரைக் கொண்டுபோய் நீட்டினாள். நெட்டை அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வேணாம்னு சொல்லியிருந்தா எடுக்காமலே விட்டிருப்பேனே. ஏண்டி பொய் சொன்னே?"

பொடிசு, வண்டி திரும்பி மறைகிற வரைக்கும் கை காட்டக்கூட மறந்து நின்றாள்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. புது விலாசம், புதுப் பள்ளிக்கூடம், அங்கே பக்கத்தில் உட்காருகிற பெண்ணைப் பற்றி நாலு வரி. பொடிசு அந்த நாலு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். பதில் நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. நடுவில் படிப்பு, கல்யாணம், ஒரு மகள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று நாளுக்கு அறுபது பேரிடம் சொல்கிற வேலை.

போன வருஷம் மகள் அவளை ஒரு சினிமாவுக்கு இழுத்துப் போனாள். பள்ளித் தோழிகள் இருவர் பிரிகிற கதை. பாதியிலேயே அம்மா தேம்ப ஆரம்பித்ததில் மகளுக்குச் சங்கடமாகிவிட்டது. வெளியே வந்து காரணத்தைக் கேட்டவள், அங்கேயே நின்று செல்போனைத் துழாவி நெட்டையின் அப்பா ஸ்டூடியோ நம்பரைக் கண்டுபிடித்தாள்.

"நீ பேசுடி. என்னால ஆகாது."

"நான் பேசி என்னத்தம்மா சொல்றது? போடு."

போட்டாள். எடுத்தது நெட்டையேதான். ஸ்டூடியோ இப்போது அவள் பொறுப்பில்.

"யாருங்க?"

"பொடிசு."

"ஒரு பதில் போட இவ்வளவு நாளாடி?" என்றாள் நெட்டை.

எடுத்த பத்துக் காட்சியும் என்னவாயிற்று என்று பொடிசு கேட்டாள். வேறு கேசட் கைவசம் இல்லாமல், அதன் மேலேயே யாருடைய கல்யாணத்தையோ அப்பா எடுத்துவிட்டாராம். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் அடுத்து என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசிக்கொள்கிறார்கள். முதுகுவலி, பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக்காரரின் கோபம் என்று மணிக்கணக்காகப் போகும். நேரில் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்கள், இதுவரை தோதுப்படவில்லை. போனில் பேசுகிறவள் நல்ல மனுஷி, ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறாள். ஆனால் அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே பொடிசுக்குப் பழைய நெட்டையை நினைத்து ஏக்கம் வந்துவிடுகிறது. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி வந்து கதவைத் தட்டாமலே உள்ளே நுழைவாளே, அந்த நெட்டை.

போனை வைத்த பிறகும் எழுந்திருக்காமல் இருப்பவளை மகள் எட்டிப் பார்ப்பாள்.

"என்னம்மா, சண்டையா?"

"இல்லடி. நல்லாத்தான் பேசினா."