ஏரோது கேட்ட விலாசம்

ஜெபசெல்விக்குப் பயம் வைக்க வேண்டிய இடத்தில் ஆண்டவர் இன்னொரு நாக்கை வைத்துவிட்டார் என்று அவள் புருஷன் ஜேசுபாதம் சொல்வார். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணி எழுதுகிற குமாஸ்தா அவர். சத்தமில்லாத மனுஷன். அவர் சொன்னதில் பாதி உண்மை. அவளுக்கும் பயம் இருந்தது. அது எங்கே இருக்கிறதென்று போன டிசம்பர் மாதம்தான் அவளுக்கே தெரிய வந்தது.

பிறந்தது நாசரேத்தில், ஒரு வாத்தியார் வீட்டில். நர்ஸ் படிப்பை முடித்துத் தூத்துக்குடிக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. கடற்கரையை ஒட்டிய ஏழு தெருக்களும் உப்பளத்துப் பக்கத்து வீடுகளும் அவள் பொறுப்பு. எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள், எந்தப் பிள்ளைக்கு எந்தப் புதன்கிழமை தடுப்பூசி என்பதெல்லாம் நோட்டைப் பார்க்காமலே சொல்வாள். மூன்றாவதும் பெண் என்று ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்காத ஒருவனை, அவன் மீன் ஏலம் கூவிக்கொண்டிருந்த இடத்துக்கே தேடிப் போய், கையில் பிள்ளையைக் கொடுத்து, இதற்கும் ஒரு விலை சொல்லு பார்ப்போம் என்று நின்றவள் அவள். அத்தனை கூட்டத்துக்கு நடுவே அந்த ஆள் அழுதுவிட்டான். இன்றைக்கு அந்தப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டுதான் ஏலம் கூவுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சபையில் ஓய்வுநாள் பள்ளி டீச்சர். டிசம்பர் வந்துவிட்டால் இயேசு பிறந்த கதைதான் பாடம், பிள்ளைகளை வைத்து அவள் போடுகிற கிறிஸ்மஸ் நாடகமும் அதுதான். மரியாளிடம் கீழ்ப்படிதல், மேய்ப்பர்களிடம் எளிமை, கிழக்கேயிருந்து வந்த சாஸ்திரிகளிடம் கொடுக்கிற மனசு என்று ஆளுக்கொரு குணத்தைப் பிள்ளைகள் மண்டையில் ஏற்றிவிடுவாள். போன டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஜாஸ்லின் என்கிற எட்டு வயதுப் பெண் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"டீச்சர், அந்த சாஸ்திரிங்க அரமனையில போயி ராசாட்ட விசாரிக்காம நேரே போயிருந்தா, அந்த ஊருப் பச்சப்பிள்ளைங்க செத்திருக்காதுல்லா?"

பிள்ளை இருக்கிற இடம் தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள், நானும் வந்து கும்பிட வேண்டும் என்று சாஸ்திரிகளிடம் நயமாகக் கேட்டுவிட்டு, பிறகு அந்த ஊர்க் கைக்குழந்தைகளையெல்லாம் வெட்டச் சொன்ன ஏரோது ராஜாவைத்தான் அவள் சொன்னாள். இப்படி ஒரு கேள்வியை இருபது வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாமல் உட்கார் என்று அதட்டிவிட்டு, பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று மேலே போய்விட்டாள். பதில் தெரியாத டீச்சர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான்.

அந்த வாரம்தான் வேல்விழி வந்தாள். பிறந்து நாற்பத்தைந்து நாளான பெண் குழந்தை, முதல் ஊசி. பெயரைச் சொன்னாள், விலாசம் சொல்லமாட்டேன் என்றாள். விலாசம் இல்லாமல் அட்டை போட முடியாது என்று ஜெபசெல்வி பக்குவமாகப் பேசிப் பேசி விஷயத்தை வாங்கினாள். விளாத்திகுளம் பக்கத்து ஊர். மாரிராஜ் என்பவனைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவன் வேறு சாதி. அன்றிலிருந்து அவள் தாய்மாமன் சுடலைக்கண்ணன் தேடிக்கொண்டிருக்கிறான். கோவில்பட்டியில் இருந்தபோது ஒருமுறை கண்டுபிடித்து, மாரிராஜ் தோளில் அரிவாள் இறங்கி, பதினாறு தையல். இப்போது மாரிராஜ் துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்குகிற வேலையில் இருக்கிறான். உப்பளத்துப் பக்கம் ஒற்றை அறை.

யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் அக்கா என்று அவள் ஜெபசெல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். என் உயிரே போனாலும் சொல்லமாட்டேன் என்றாள் இவள். மனசாரத்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். ஒவ்வொருவராக ஜெபக்குறிப்பு சொன்னார்கள். ஒருத்திக்கு முழங்கால் வலி, ஒருத்தி மகனுக்குத் துபாய் விசா. ஜெபசெல்வி முறை வந்தபோது நெஞ்சு நிறைய வேல்விழிதான் இருந்தாள். சொல்லிவிட்டாள். பெயர் சொன்னாள், ஊர் சொன்னாள், கைக்குழந்தையோடு இங்கேதான் ஒளிந்திருக்கிறாள் என்பதையும் சொன்னாள். ஆண்டவருக்குப் பெயரும் ஊரும் தெரியாதா, இவள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டுமா? ஜெபக்குறிப்பு என்று பெயர் வைத்துவிட்டால் நம் சபைகளில் எந்த ரகசியமும் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவுக்குக் கிளம்பிவிடும். எல்லாரும் கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள். தேவகனி அக்கா தேம்பித் தேம்பி அழுதாள்.

தேவகனியின் புருஷன் பால்துரை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சபைக் கமிட்டிச் செயலாளர். விளாத்திகுளம் பக்கம் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். சுடலைக்கண்ணன் அவரிடம் படித்தவன். மனைவி சொன்னதைக் கேட்டதும் பால்துரைக்கு மனசு பொங்கிவிட்டது. பிரிந்த குடும்பத்தைக் கிறிஸ்மஸ் நேரத்தில் சேர்த்துவைத்தால் அதைவிடப் புண்ணியம் உண்டா? போனை எடுத்தார். கெட்ட எண்ணம் துளிகூட இல்லாத மனுஷர். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஊசி போடுகிற இடம் தெரிந்ததே தவிர, வீடு எதுவென்று பால்துரைக்கும் தெரியாது. அதனால் வருகிற புதன்கிழமைக்கு முன்னால், திங்கட்கிழமை சாயங்காலம், சுடலைக்கண்ணனைக் கூட்டிக்கொண்டு ஜெபசெல்வி வீட்டுக்கே வந்துவிட்டார்.

வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, ஈரமான கண். கையில் ஒரு பை. அதற்குள் வெள்ளிக் கொலுசு, குட்டிச் சட்டை, ஒரு டப்பா மக்ரூன். என் அக்கா சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள், நடந்தது நடந்துபோச்சு, கண்ணால் ஒருதரம் பார்த்துவிட்டுக் கொடுப்பதைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றான். ஜெபசெல்விக்கு உள்ளே இளகிவிட்டது. நம் ஜெபம் கேட்கப்பட்டது என்றே நினைத்தாள். டீ போட்டுக் கொடுத்தாள்.

அவன் மெதுவாகக் கேட்டுக்கொண்டே வந்தான். எந்தப் பக்கம் வீடு? பக்கத்தில் வேறு வீடுகள் உண்டா? அவள் புருஷன் எத்தனை மணிக்கு வேலைக்குப் போவான், எத்தனை மணிக்கு வருவான்?

ஜெபசெல்வி ஒரு கேள்விக்காகக் காத்திருந்தாள். இருபத்தாறு வருஷத்தில் பிள்ளை பார்க்க வந்த மாமன், சித்தப்பன், பெரியம்மா யாரானாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிற கேள்வி அது. ஆணா, பெண்ணா? சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள்கூட அதைக் கேட்காமல் இருந்ததில்லை. சுடலைக்கண்ணன் டீயைக் குடித்து முடித்தான். கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அதையும் குடித்தான். பிள்ளை யார் சாயல், பெயர் வைத்தாயிற்றா, ஒன்றும் கேட்கவில்லை. மற்றபடி, பூட்டு எந்த மாதிரி என்பதைத் தவிர எல்லாவற்றையும் கேட்டுவிட்டான்.

ஜாஸ்லின் கேட்டது அப்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது. பரிசு கொண்டுபோன அந்த நல்லவர்கள்தான் அரண்மனையில் போய்ப் பிள்ளை பிறந்ததைச் சொன்னவர்கள். இருபது வருஷமாக அவர்களுடைய கொடுக்கிற மனசைப் பாடம் நடத்தியவள், இப்போது அவர்களுடைய வாயை மட்டும் கடன் வாங்கியிருக்கிறாள்.

"நான் சொல்லமாட்டேன்" என்றாள்.

பால்துரைக்குப் புரியவில்லை. "ஏளா செல்வி, ஒரு குடும்பம் கூடுதத நீ தடுக்கலாமா? கிறிஸ்மஸ் நேரம்லா."

"ஏரோதும் பிள்ளையக் கும்பிடணும்னுதான் கேட்டான் அண்ணாச்சி. நல்ல மரியாதையாத்தான் கேட்டான்."

சுடலைக்கண்ணனுக்கு ஏரோது யாரென்று தெரியாது. ஆனால் கும்பிட்ட கை இறங்கிவிட்டது, கண்ணும் காய்ந்துவிட்டது. ஊசி போடுகிற இடம் இருக்கிறது, புதன்கிழமையும் இருக்கிறது, எத்தனை புதன் ஆனாலும் அங்கேயே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்தான். பையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனான். வருகிற ஞாயிற்றுக்கிழமை கமிட்டி முன்னால் நீ பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு பால்துரையும் போனார்.

ஜேசுபாதம் இவ்வளவையும் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பயந்து ஏதாவது சொல்லப்போகிறார், வாங்கிக் கட்டிக்கொள்ளப்போகிறார் என்று ஜெபசெல்வி திரும்பினாள்.

"அவன்ட்ட சொல்லாதது சரி. ஆனா ஒன் வாயாலதான் வந்துச்சின்னு அந்தப் பிள்ளைட்ட நீயே போய்ச் சொல்லணும்" என்றார் அவர்.

அவளுக்குப் பயம் இருந்த இடம் அதுதான். அரிவாளுக்குப் பயப்படாதவள், ஒரு சின்னப் பெண்ணிடம் போய் நான்தான் உன்னைக் காட்டிக் கொடுத்தேன் என்று சொல்ல உப்பளம் வரைக்கும் போகிற வழியில் இரண்டு முறை ஸ்கூட்டரை ஓரங்கட்டினாள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். வேல்விழி குழந்தையைக் குளிப்பாட்டி முடித்திருந்தாள். வாங்க அக்கா என்று சிரித்தாள். ஜெபசெல்வி உட்காராமல், நின்றபடியே, ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லி முடித்தாள்.

வேல்விழி துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"ஒங்க ஒருத்தர்ட்டதான அக்கா சொன்னேன்" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

செருப்பால் அடித்திருந்தால்கூட ஜெபசெல்வி தாங்கியிருப்பாள். பிறகு மாரிராஜுக்குப் போன் போட்டு வரச் சொன்னாள். அழுதுகொண்டிருக்க நேரமில்லை. இருவரையும் குழந்தையோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டு, தன் ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். போலீஸ் ஸ்டேஷனில் தன் கையெழுத்திலேயே மனு எழுதினாள். சுடலைக்கண்ணன் பெயர், அவன் கேட்ட கேள்விகள் அத்தனையும் வரிசையாக. சாட்சி யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றாள். யோசித்துக்கொள்ளுங்கள் அம்மா, உங்கள் பெயரும் அவர்களுக்குத் தெரிய வரும் என்று அங்கிருந்த பெண் போலீஸ் அக்கறையாகத்தான் சொன்னார். ஜெபசெல்வி தன் பெயரை எழுதி, வீட்டு நம்பர், தெரு, அடையாளத்துக்கு எதிரே இருக்கிற மாவு மில் வரைக்கும் எழுதினாள். அவனுக்கு விலாசம்தானே வேண்டும், என்னுடையதை வைத்துக்கொள்ளட்டும் என்றாள்.

மனு கொடுத்த ரசீது கையில் வந்தது. இருந்தாலும் அந்த அறைக்குத் திரும்ப வேண்டாம் என்று மாரிராஜ் முடிவு பண்ணிவிட்டான். சாயங்காலம் நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். இரண்டு பை, ஒரு வாளி, குழந்தை. அடுத்த ஊசிக்கான அட்டையை ஜெபசெல்வி வேல்விழியின் கையில் வைத்தாள். இதைக் காட்டினால் எந்த ஊரிலும் போடுவார்கள், நாள் தள்ளிப் போட்டுவிடாதே என்றாள். ஒரு நர்ஸால் அதற்குமேல் என்ன மன்னிப்புக் கேட்க முடியும்?

வேல்விழி குழந்தையை ஒரு நிமிஷம் இவள் கையில் கொடுத்தாள். அவள் கோபம் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் கொடுத்தாள்.

"அக்கா, நாங்க எங்க போறோம்னா..."

"சொல்லாத." ஜெபசெல்வி குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "எனக்குச் சொல்லாத வேலு. நான் கேட்டாலும் சொல்லாத. போன் நம்பரையும் மாத்திரு."

சொல்லிவிட்டு, பஸ்கள் நிற்கிற பக்கத்துக்கு முதுகைக் காட்டி, ஒரு ஜூஸ் கடையின் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். திரும்ப வேண்டும் என்று கழுத்து இழுத்தது. ஏழு தெருவில் எந்தப் பிள்ளை எங்கே தூங்குகிறது என்று தெரிந்து வைத்திருந்தவளுக்கு அது லேசான காரியமா? கண்டக்டர்கள் ஊர்ப் பெயரைக் கூவியது காதில் விழக்கூடாதென்று, கடைக்காரனிடம் மிக்சியை ஓட்டு, ஓட்டு என்று சொல்லி, வேண்டாத சாத்துக்குடி ஜூஸ் மூன்று டம்ளர் குடித்தாள். அவள் திரும்பியபோது அங்கே யாரும் இல்லை.

புதன்கிழமை சுடலைக்கண்ணன் நாலு பேரோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் கண்ணெதிரே இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு ஊசி போட்டாள். ஒரு ஊசிகூடக் கை தவறவில்லை. கடைசிப் பிள்ளை போனதும் அவன் முன்னால் போய் நின்றாள். உம்ம பேரை எழுதிக் கொடுத்திருக்கிறேன், சாட்சி நான், இனிமேல் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என் வீடு உமக்குத் தெரியும் என்றாள். அதற்குள் ஸ்டேஷனிலிருந்தும் அவனுக்குப் போன் வந்திருக்கும்போல. முறைத்துக்கொண்டே எழுந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. போதகர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். பரிசோடு பிள்ளை பார்க்க வந்தவரை வீட்டில் வைத்து ஏரோது என்றவள் இனி ஓய்வுநாள் பள்ளி நடத்தக்கூடாது, நாடகமும் கிடையாது என்று பால்துரை வாசித்தார். அவருக்கு உள்ளபடியே மனசு புண்பட்டிருந்தது. ஒரேயொரு வழி இருக்கிறது என்றார். வேதத்தின் மேல் கை வைத்து, வேல்விழியும் மாரிராஜும் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடலாம். ஜெபசெல்வி பொய்ச் சத்தியம் பண்ணமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் கேட்டார்.

ஜெபசெல்வி எழுந்து, முழுக் கையையும் வேதத்தின் மேல் வைத்தாள்.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

ஊரில் ஒரு பிள்ளை தும்மினால்கூட அவளுக்குத் தெரியும் என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பால்துரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவள் முகத்தைப் பார்த்தார். அது சத்தியமான வார்த்தைதான் என்று அவருக்கு விளங்கியது. எப்படி என்பதுதான் விளங்கவில்லை.

ஜெபசெல்வி கையை எடுக்கவில்லை. "தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். அதையும் எழுதிக்கிடுங்க."