தங்கைக்கு டேங்க், அண்ணனுக்குப் பின்சீட்டு

அவரை எல்லோரும் உப்புத்தாள் என்றுதான் கூப்பிடுவார்கள். நாளெல்லாம் பழைய மோட்டார் சைக்கிள்களின் துருவைத் தேய்ப்பதால் வந்த பெயர் என்பார் அவர். பேச்சும் அப்படித்தான் சுரண்டும் என்பாள் அவர் மனைவி. நமக்கெதற்கு வம்பு!

கூரை இடிந்து மேலே விழுந்த வண்டி, பெற்ற பிள்ளைகளே 'போய்த் தொலையட்டும்' என்று கைகழுவிய அப்பன் வண்டி, எதைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் உப்புத்தாள் உயிர் கொடுத்துவிடுவார். ஆனால் அந்தக் காலத்து வண்டிக்குச் சாமான் கிடைக்க வேண்டுமே? கடையில் கேட்டால் சிரிப்பார்கள். அப்போதெல்லாம் அவர் கண் ஷெட்டின் மூலைக்குப் போகும். அங்கே அவருடைய அப்பாவின் வண்டி நின்றது. 'இப்போதைக்கு இதை மாட்டுவோம், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஹெட்லைட் போனது. ஹாரன் போனது. ஒருநாள் டேங்க்கும் போனது. அந்த 'அப்புறம்' மட்டும் வரவே இல்லை.

அந்த வண்டியில்தான் அப்பா இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவார். தங்கை முன்னால் டேங்க் மேல், மகாராணி மாதிரி. இவர் பின்சீட்டில், அப்பாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு.

கல்யாணமாகிக் கடல் கடந்து போன தங்கையால் அப்பா இறந்தபோது வர முடியவில்லை. இப்போதுதான் வந்தாள். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை.

"அண்ணா, அப்பா வண்டி எங்க? அந்த டேங்க் மேல ஒரு தடவ உக்காரணும். கடைசியா முகத்தப் பாக்கத்தான் எனக்குக் கொடுத்து வைக்கல."

உப்புத்தாள் எதைக் காட்டுவார்? டேங்க் பல் டாக்டரின் வண்டியில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஷெட் சாவியக் காணோம்மா," என்றார்.

"ஆணியிலதான தொங்குது!" என்றாள் மனைவி. அந்த உத்தமிக்கு அன்றைக்கென்று பார்த்துக் கண் நன்றாகத் தெரிந்தது.

எலும்பும் தோலுமாக நின்ற வண்டியைத் தங்கை சுற்றி வந்தாள். பின்சீட்டில் மட்டும் தூசி இல்லை. தோலுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தது.

"இத யாருக்கும் கொடுக்கலையா?"

"யாரும் கேக்கலம்மா."

"ஏன், பல் டாக்டர் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிட்டாரே," என்றாள் மனைவி.

"என் இடத்தத் தூக்கிக் கொடுத்துட்டு உன் இடத்தப் பொத்தி வச்சிருக்க. நல்ல நியாயம்ண்ணா!" என்ற தங்கைக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

சுருக்கென்றது உப்புத்தாளுக்கு. சத்தியமாக அவர் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகவே அந்தச் சீட்டை விட்டுவைத்தது. கை மட்டும் என்ன, அடுத்தவனுடையதா?

மறுநாள் பல் டாக்டரிடம் போய் நின்றார்.

"டேங்க் வேற ஒண்ணு தேடிக்கறேன். எடுத்துக்கோங்க," என்றார் டாக்டர். "ஆனா அந்தப் பின்சீட்டு எனக்கு வேணும்."

எதைப் பிடித்து இழுத்தால் வலிக்கும் என்று பல் பிடுங்குகிறவருக்கா தெரியாது! உப்புத்தாள் வீட்டுக்கு வந்து சீட்டைக் கழற்றினார். கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் கொண்டுபோய்க் கொடுத்தார்.

டேங்க் வந்து ஏறியது. முழங்கால் வலியைத் திட்டிக்கொண்டே தங்கையும் ஏறி உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள். பின்னால் திரும்பியவள் சீட்டு இருந்த இடத்தில் வெறும் கம்பியைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அண்ணா, இதுல உக்காந்து நான் ரோட்டத்தான் பாத்திருக்கேன். அப்பா எனக்குப் பின்னாடில்ல இருந்தாரு," என்றாள். "நீதான அவரப் பாத்துட்டே வந்த. எப்படி இருப்பாருன்னு சொல்லேன்."

உப்புத்தாள் அந்த வெறும் கம்பியில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

"சட்டையில முதுகுப் பக்கம் தையல் விட்டிருக்கும். அதுல விரல விட்டுப் பிடிச்சுக்கிட்டே வருவேன். கிழிசல் பெரிசாகிட்டே போச்சு. அம்மா தைக்கறேன்னு கேட்டா, 'வேண்டாம், பையன் பிடிச்சுக்க ஏதாவது வேணும்ல'ன்னு சொல்லிடுவாரு."