பலகையில் ஒரு இடம் பாக்கி

எங்கள் கம்பெனிக்குத் திடீரென்று ஞானோதயம் வந்தது. அதுவரை ஷிப்ட் முடிந்ததும் கிரீஸ் கையோடு பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஃபுட்பால் ஆடிவந்த எங்களை ‘புரொஃபஷனல் டீம்’ ஆக்கப் போவதாக நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. புனேயில் அப்போது எல்லோரும் ஏதாவது ஒன்றாக மாறிக்கொண்டிருந்தார்கள். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து இறங்கிய பிள்ளைகள் எங்களைப் பார்த்து, “நீங்க தமிழா?” என்று ஆச்சரியப்பட்டார்கள். நாங்கள் மூன்று தலைமுறையாக அதே புனேயின் கட்கியில் ஆச்சரியப்படாமல் இருந்துகொண்டிருந்தோம்.

டீமில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள். வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கென்று வட ஆற்காட்டிலிருந்து ரயிலேறி வந்தவர்களின் பேரன்கள். நான் கோல்கீப்பர். கேப்டன் என் அக்காவின் புருஷன். டிஃபென்ஸில் நடுவில் நிற்பார், மரம் மாதிரி. மரம் ஓடாது என்பதும் உண்மைதான். அப்பா, அம்மா போன பிறகு நான் அக்கா வீட்டிலேயே இருந்தேன். இரண்டு அறை, அதில் அக்கா, மாமா, அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகள், நான், மாமாவின் கோப்பைகள். மாமாவும் நானும் கம்பெனியில் டெம்பரரி. ‘டெம்பரரி’ என்ற சொல்லுக்கு எங்கள் கம்பெனி அகராதியில் ‘ரிட்டயர் ஆகும்வரை’ என்று பொருள்.

இப்போது அந்த நோட்டீஸில் ஒரு வரி இருந்தது. புதுக் கோச் தேர்ந்தெடுக்கும் டீமில் இடம் பிடிக்கும் கம்பெனி ஆட்கள் பெர்மனன்ட் ஆக்கப்படுவார்கள். இடம் கிடைக்காதவர்கள் தளேகாவ் தொழிற்சாலைக்குக் காண்ட்ராக்டரின் கீழ் அனுப்பப்படுவார்கள். அந்த வரியைப் படித்துவிட்டு, அதுவரை மூச்சு வாங்க ஓடியறியாத ஆட்களெல்லாம் மறுநாள் விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். மாமாவும் ஓடினார். பார்க்கப் பாவமாக இருந்தது.

பிறகு கோச் வந்தார். கடல் தாண்டி வந்தவர். எந்த நாட்டுக்காரர் என்பதில் எங்களுக்குள் கடைசி வரை ஒற்றுமை ஏற்படவில்லை. அவர் ஏதோ ஒரு பாஷையில் கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து பேசுவார். அதைக் கோவாக்காரரான துணைக் கோச் ஹிந்தியில் சொல்வார். அதை எங்களில் ஒருவன் பின்வரிசைக்குத் தமிழில் சொல்வான். கோச் கால் மணி நேரம் பேசியது எங்களிடம் வந்து சேரும்போது, “ஓடணுமாம்” என்று ஆகியிருக்கும்.

அவரிடம் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. அதில் ஒட்டும் காந்த வில்லைகள்தான் நாங்கள். வில்லை வலது பக்கம் நகர்ந்தால் நாங்களும் நகர வேண்டும். வில்லைகளுக்கு முழங்கால் வலி கிடையாது, நைட் ஷிப்ட் கிடையாது, அதனால் பலகையில் நாங்கள் ஒரு ஆட்டம்கூடத் தோற்றதில்லை. பன்னுக்குள் உருளைக்கிழங்கு வடை வைத்துத் தரும் வடாபாவைக் கோச் தடை செய்தார். காலையில் அவித்த முட்டை, வாழைப்பழம். மைதானத்து வாசலில் வடாபாவ் விற்றவர் அன்றிலிருந்து அவித்த முட்டை விற்க ஆரம்பித்தார். கோச் கொண்டுவந்த விஞ்ஞானத்தால் உறுதியாகப் பலன் அடைந்தவர் என்று அவர் ஒருவரைத்தான் என்னால் சொல்ல முடியும்.

எங்களிடமும் ஒரு விஞ்ஞானம் இருந்தது. அதைப் பலகையில் ஒட்ட முடியாது.

ஊர் உலகத்தில் பெனால்டி கிடைத்தால் நன்றாக அடிப்பவன் அடிப்பான். எங்கள் டீமில், யாருக்குத் தேவையோ அவன் அடிப்பான். ஒருவனுடைய பிரமோஷன் ஃபைல் மேனேஜர் மேஜையில் கிடக்கும். அந்த மேனேஜர் ஆட்டம் பார்க்க வந்திருப்பார். ஒருவனைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்து கோட்டுக்கு வெளியே குடை பிடித்து நிற்பார்கள். “இன்னிக்கி யாருக்குடா?” என்று ஆட்டத்துக்கு முன்பே மாமா கேட்பார். பதில் முடிவாகிவிடும். ஒருமுறை பந்தையே நேராக உதைக்கத் தெரியாத ஒரு வெல்டருக்குக் கல்யாணம் நிச்சயமாக வேண்டியிருந்தது. மூன்று ஆட்டமாகப் பெனால்டிக்குக் காத்திருந்து, கடைசியில் நாங்களே எதிர் டீமிடம் சொல்லிவைத்து ஒன்று வாங்கினோம். அவர்களும் மனிதர்கள்தானே.

கம்பெனிக்குள்ளேயே டிபார்ட்மென்ட்டுக்கு டிபார்ட்மென்ட் மோதும்போது இதில் கோல்கீப்பருக்கும் பங்கு உண்டு. எங்கள் மைதானத்துக்கு ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் கம்பெனி கேட். அடிப்பவன் பந்தை வைத்துவிட்டுக் குனிந்து பூட்ஸ் நாடாவைத் தொடுவான். வலது கால் நாடா என்றால் பந்து ரயில் பக்கம் போகும். கீப்பர் கேட் பக்கம் விழ வேண்டும். இடது கால் என்றால் நேர்மாறு. நான் அப்படி எத்தனையோ பேருக்காகத் தவறான பக்கம் விழுந்திருக்கிறேன். அவர்களில் சிலர் இன்று ஃபோர்மன்கள். என்னைப் பார்த்தால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

கோச் ஒரு மாதம் எங்களைச் சலித்தார். வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பலகையில் புது வில்லைகள் ஏறின, எங்கள் வில்லைகள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போயின. வெல்டர் போனான். ‘சீனியாரிட்டி’ என்று முனகிக்கொண்டே, இடது ஓரத்தில் ஆடிய லெஃப்ட் அவுட்காரர் போனார். கடைசியில் துணைக் கோச் என்னையும் மாமாவையும் தனியாகக் கூப்பிட்டு ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னார். பலகையில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. இன்னொரு கீப்பர் வேண்டுமா, நடு டிஃபென்ஸுக்கு இன்னொரு ஸ்டாப்பர் வேண்டுமா என்று கோச் யோசிக்கிறார். சனிக்கிழமை டிரையல் மேட்ச். அதைப் பார்த்து முடிவு செய்வார்.

“தோனோ மே ஸே ஏக்,” என்றார். இரண்டு பேரில் ஒருவர்.

வீட்டுக்கு நடக்கும்போது மாமா வேறு பேச்சை எடுத்தார். தண்ணீர் வரவில்லை, கார்ப்பரேஷன்காரனைத் திட்ட வேண்டும் என்றார். நான் அன்றே முடிவு செய்துவிட்டேன். அவருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல். இதைவிட்டால் வேறு வாய்ப்பு இல்லை. இரண்டு பெண் குழந்தைகள். எனக்கு என்ன, ஒண்டிக்கட்டை. தளேகாவுக்கு லோக்கல் ரயிலில் போய் வந்தால் காற்று வாங்கிய மாதிரியும் இருக்கும். என் தியாகத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. இரண்டு நாள் அந்தப் பெருமையிலேயே திரிந்தேன்.

அக்காவுக்கு விஷயம் தெரியும். கட்கியில் யாருக்குத் தெரியாது? சனிக்கிழமை காலை எங்கள் இருவர் தட்டிலும் அவித்த முட்டை வைத்தாள். ஒரே அளவு முட்டையாகப் பார்த்துப் பொறுக்கி வைத்த மாதிரி இருந்தது. “போய்ட்டு வாங்க” என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை; சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

டிரையலில் மாமா மஞ்சள் பனியன், நான் ஆரஞ்சு. கோச் கையில் விசிலோடு கோட்டுக்கு வெளியே நின்றார். மாமா அன்று ஓடினார் என்று சொல்ல மாட்டேன். ஓட வேண்டிய இடத்தில் முன்கூட்டியே போய் நின்றார். அது கோச்சின் கண்ணில் படவில்லை. எனக்கோ வேலையே இல்லை. இரண்டு பந்து வந்தது, இரண்டும் நேராகக் கைக்கு வந்தது.

ஆட்டம் முடியும் தறுவாயில் மஞ்சள் டீமுக்குப் பெனால்டி கிடைத்தது. கோச்சின் பலகையில் பெனால்டிக்கென்றே ஒரு வில்லை உண்டு. அது இறக்குமதியான ஸ்டிரைக்கர், ஆறடிக்கு மேல், எங்கள் இரண்டு பேர் அகலம். அவர் பந்தை எடுத்துப் புள்ளியில் வைத்தார். நியாயமாக அதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் மஞ்சள் பனியனில் எங்கள் பழைய ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்கு இடம் உறுதியாகிவிட்டது, புத்தி மட்டும் பழையது. ஒருவன் போய் ஸ்டிரைக்கரின் தோளில் கை போட்டு, “பாய், ஏக் மினிட்” என்று அந்தப் பக்கம் நகர்த்தினான். இன்னொருவன் பந்தை எடுத்து மாமா கையில் கொடுத்துவிட்டான். புரொஃபஷனல் டீமின் டிரையலில், கோச்சின் கண் முன்னால், பெனால்டியைத் தேவைக்காரனுக்குக் கொடுக்க எங்கள் ஆட்களைத் தவிர வேறு எவனுக்குத் தோன்றும்? ஸ்டிரைக்கர் ஆகாயத்தைப் பார்த்துக் கையை விரித்தார். கோச் கத்தினார். மாமாதான் கேப்டன், அதனால்தான் என்று துணைக் கோச் எதையோ சொல்லிச் சமாளித்தார்.

மாமா பந்தை வைத்தார். குனிந்தார். வலது கால் நாடாவைத் தொட்டார்.

ரயில் பக்கம். எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் கேட் பக்கம் விழ வேண்டும், அவர் கோல் போட வேண்டும், சாயங்காலம் வீட்டில் பாயசம். அவர் ஓடி வந்தார். நான் மனதார, முழு பலத்தோடு, கேட் பக்கம் பாய்ந்தேன்.

பந்தும் கேட் பக்கம் வந்தது. நெஞ்சில் வந்து மோதியது. விட்டுவிட நினைப்பதற்குள் கை இரண்டும் தானாக அதை அணைத்துக்கொண்டன. எத்தனை வருடப் பழக்கம், கேட்குமா? தரையில் கிடந்தபடி மாமாவைப் பார்த்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, தோற்றவர்கள் செய்யும் எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தார். நடிப்பு சுமார்தான்.

கோச் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அதுவரை அவர் என் பக்கம் திரும்பியது கிடையாது. அடிப்பவனின் இடுப்பைப் பார்த்தே நான் திசையைப் படித்துவிட்டேனாம். இது பிறவியிலேயே வருவதாம். தன் நாட்டில்கூட இப்படி நாலைந்து பேரைத்தான் பார்த்திருக்கிறாராம். துணைக் கோச் ஹிந்தியில் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. “ஸார், நான் படிக்கவில்லை, அவர் வேண்டுமென்றே என் மேல் அடித்தார், அவருக்குத்தான் இடம் கொடுக்க வேண்டும்” என்று ஹிந்தியில் சொன்னேன். துணைக் கோச் ஒரு கணம் என்னைப் பார்த்தார். கோச் பக்கம் திரும்பி இங்கிலீஷில் மூன்று சொல் சொன்னார். எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும். ‘அவன் நன்றி சொல்கிறான்.’

கோச் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய் என் வில்லையைப் பலகையில் ஒட்டினார்.

அந்த மேதை அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் விமானம் ஏறிவிட்டார். அடுத்தவர் வேறு பலகையோடு வந்தார். நான் முதல் கீப்பருக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து, இடுப்புகளைப் படித்துக்கொண்டிருந்தேன். சில வருடங்களில் கம்பெனிக்கு ஞானம் தெளிந்து டீமையே மூடினார்கள். என் பெர்மனன்ட் மட்டும் மூடப்படவில்லை. மாமா தளேகாவ் லோக்கலில் காலையில் போய் மாலையில் வந்துகொண்டிருந்தார், முழங்கால் அனுமதித்தவரை.

அன்று டிரையல் முடிந்து மைதானத்தைவிட்டு வெளியே வந்ததும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னா மாமா இது? வலது நாடாவத் தொட்டியே!”

“ஆமா, தொட்டேன். அவுந்துருந்துச்சி.”

“பொய் சொல்லாத. அந்த இடம் உனக்கு வேண்டியது.”

“அரே, சும்மா வாடா,” என்றார். “நானு ஒரு வருஷம் ஓடுவனா? அப்பால அடுத்த கோச் வந்து தூக்கிடுவான், பெர்மனன்ட்டும் பூடும். நீ இருவது வருஷம் இருப்பே. வூட்டுக்கு ஒர்த்தன் பெர்மனன்ட்டா இருக்கட்டும்.” கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, “நீயும்தான் விட்டுக்குடுக்கப் பாத்தே. தெரியாதுன்னு நெனச்சியா? ரெண்டு நாளா மூஞ்சியில எழுதி வெச்சிக்கினு திரிஞ்சே,” என்றார். பிறகு தெருமுனைக் கடையில் ஒரு வடாபாவ் வாங்கித் தின்றார். அவருக்கு இனி தடை இல்லை. எனக்கு வாங்கித் தர மறுத்துவிட்டார், நான் புரொஃபஷனலாம்.

எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. பட்ட கடனுக்கு வட்டியாவது கட்டலாம், இதற்கு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்ததும் மாமா, குளிக்கப் போவதுபோலத் துண்டை எடுத்துக்கொண்டு பொதுக் குழாய்ப் பக்கம் நழுவிவிட்டார். செய்தி எங்களுக்கு முன்பே வந்திருந்தது. மூன்று வீடு தள்ளியிருந்தவர்கள் என்னை வாழ்த்தவா, அக்காவுக்கு ஆறுதல் சொல்லவா என்று தெரியாமல் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். அக்கா அடுப்படியில் இருந்தாள். எனக்கு உட்காருவதா நிற்பதா என்று தெரியவில்லை. அவள் திரும்பவில்லை. குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

“ஒண்ணு கேக்கறேன், நெஜத்தச் சொல்லு,” என்றாள். “நீ புடிச்சியா, அவுரு குடுத்தாரா?”

பிடித்தேன் என்றால் அவள் புருஷன் தோற்றவன். கொடுத்தார் என்றால் நான் வாங்கிக்கொண்டவன். எதைச் சொன்னால் அவளுக்கு வலி குறையும் என்று யோசித்தேன். பொய் வரவில்லை.

“குடுத்தாரு,” என்றேன்.

அவள் அடுப்பைத் தணித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“அப்ப சரி,” என்றாள். “சாப்பிடு.”