பாதி மலையும் பச்சைச் சட்டையும்

படம் வரையச் சொல்லி யாராவது கலர் பென்சிலைச் சும்மா கொடுப்பார்களா? அம்மாவுக்கு அதுதான் சந்தேகம். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காதவள் அவள். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பாள்.

எங்கள் குப்பத்துக்குள் கடல் வந்து தம்பியைக் கொண்டுபோன மறுவருடம், நாவலூர்ப் பக்கம் ஒரு குடியிருப்பில் எங்களுக்கு வீடு கொடுத்தார்கள். சனிக்கிழமைதோறும் அங்கே தொண்டு நிறுவனத்திலிருந்து ஓர் அக்கா வருவார். எங்களையும், நகரத்துக்குள்ளிருந்து வந்த பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்து, அவரவர் ஊரை வரையச் சொல்வார். வரைந்தால் மனசு லேசாகுமாம்.

தண்ணீர் லாரி வரிசையில் வேறு கதை ஓடியது. படத்தில் படகு இருந்தால், திரும்பவும் கடலுக்குப் போகிற குடும்பம் என்று எழுதிக்கொண்டு வீட்டைப் பிடுங்கிவிடுவார்களாம். கரைப்பக்கமே இனிப் போவதில்லை என்றிருந்த அம்மா குடத்தோடு நேரே என்னிடம் வந்தாள்.

"படகு வேணாம், கடலும் வேணாம். மலை வரைஞ்சிட்டு வா, போதும்" என்றாள்.

நான் பார்த்திருந்த மலை ஒன்றே ஒன்றுதான், பல்லாவரத்தில் கல்லுக்காகப் பாதி வெட்டிய மலை. நாலு சனிக்கிழமை அந்தப் பாதி மலையையே வரைந்தேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா மட்டும் ஒவ்வொரு தடவையும் நோட்டில் என்னவோ எழுதினார். அதைச் சொன்னதும் அம்மா ஐந்தாவது வாரம் தானே காவலுக்கு வந்து வாசலில் நின்றுவிட்டாள்.

அன்றைக்கு வீட்டு ஆட்களை வரையச் சொன்னார் அக்கா. அதில் ஆபத்து இல்லையே என்று அப்பா, அம்மா, நான், தம்பி என நாலு பேரையும் வரைந்தேன். தம்பிக்கு மஞ்சள் சட்டை.

அம்மா உள்ளே வந்து தாளைப் பிடுங்கினாள். கிழிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கு அவன் பச்ச சட்ட போட்டுகினு இருந்தான்" என்றாள்.

பச்சைப் பென்சிலை எடுத்து மஞ்சளின் மேலேயே தேய்த்தாள், முனை உடைகிற வரைக்கும். பிறகு அத்தனை நாளாக நம்பாத அந்த அக்காவிடம், தாளைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அக்கா அன்று எதுவும் எழுதவில்லை.

வழியெல்லாம் நான் அம்மாவுக்குப் பத்தடி பின்னாலேயே நடந்தேன். படகும் வரையவில்லை, கடலும் வரையவில்லை, ஆனாலும் என் படத்தைக் கெடுத்துவிட்டாளே என்று ஆத்திரம். தம்பியின் போட்டோ ஒன்றுகூட வீட்டில் மிஞ்சவில்லை என்பது எனக்கும் தெரியும். அந்தத் தாளை அவள் ஏன் இடுப்பில் செருகாமல் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நடந்தாள் என்பதுதான் தெரியவில்லை.