பின்தோங் கொடுத்த மாத்திரை

பின்தோங் அக்கா எங்கள் ஊர்ச் சுகாதாரத் தொண்டர். சீ என்ற ஆற்றின் கரையில் வீடு வீடாகப் போய் மலம் வைக்கும் சிறு டப்பா கொடுப்பாள், மறுநாள் சோதனைக்கு வாங்கிப் போவாள்.

"அக்கா, இன்னும் சூடு ஆறல, பாத்துக் கொண்டு போ" என்பார்கள். சிரித்துக்கொண்டே பையில் போடுவாள். புழு முட்டை இருந்த வீட்டுக்கு மாத்திரை வரும்.

அந்தப் புழு பச்சை மீனிலிருந்து வருவது. ஆற்று மீனைக் கொத்தி, செவ்வெறும்பும் மிளகாயும் போட்டுப் பிசைந்த கோய் எங்கள் ஆண்களுக்கு வேண்டும். வேகவைத்தால் அது பிள்ளை பெற்றவள் சாப்பாடாம். பின்தோங்கின் அண்ணன் கம்பூன் அதில் முதல் ஆள்.

"விட்டுருண்ணே. ஈரல்ல ஊறுற பித்தம் பித்தப்பையில சேந்து கெடக்கு. கொழுப்பு தின்னா பை சுருங்கி, சின்னக் குழா வழியா குடலுக்கு எறங்குது. புழு அந்தக் குழாயிலதான் குடியிருக்கு. மடையில செடி அடைச்ச மாதிரி."

"அடைப்ப எடுக்கத்தான் நீ மாத்திரை தர்றியே. ஒன்ன மாதிரி தங்கச்சி இருக்கறவனுக்கு என்ன பயம்?"

மாத்திரை விழுங்கிய மறுநாளே கூட்டாளிகளோடு கோய் பிசைவான். கொடுத்தாலும் தின்பான், கொடுக்காவிட்டாலும் தின்பான். அவள் கொடுத்தே வந்தாள்.

போன மழைக்காலத்தில் உடம்பெல்லாம் அரிப்பு என்றான். கண் மஞ்சள் பூத்தது. சிறுநீர் கருத்தது, மலம் களிமண்ணாய் வெளுத்தது. புழு வருவதும் சாவதும் மறுபடி வருவதுமாகக் குழாய் புண்ணாகி, புற்று வைத்து அடைத்துவிட்டது, இறங்க வழியில்லாத பித்தம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டாக்டர். விலாவில் குழாய் செருகிப் பித்தத்தை வெளியே ஒரு பையில் வடித்தார்கள். நெல் அறுப்புக்கு முன்னே போய்ச் சேர்ந்தான்.

சாவு வீட்டில் பிக்குகள் ஓதிவிட்டுக் கிளம்பினார்கள். பின்கட்டில் கூட்டாளிகள் மீன் கொத்தினார்கள். அவனோடு வளர்ந்த சொம்தி சொன்னான்:

"தங்கச்சி, நாளைக்கு எங்க எல்லாருக்கும் மாத்திரை எடுத்து வச்சிரு."

அவள் சட்டியோடு கோயை எடுத்துப்போய் அடுப்பில் காய்ந்த வாணலியில் கொட்டினாள்.

"அடிப்பாவி, நல்ல மீன வேகவச்சுக் கெடுத்துட்டாளே."

கூட்டாளிகள் சிரித்தபடி சாராயப் பாட்டிலையும் மீதி மீனையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்கள்.

வெந்ததை ஒரு தட்டில் அள்ளிக்கொண்டு வந்தாள். இறந்தவரைச் சாப்பிடக் கூப்பிடும்போது சவப்பெட்டியைத் தட்டுவது எங்கள் வழக்கம். தட்டினாள்.

"அண்ணே, எந்திரி, சாப்பிடு. வெந்ததுதான். இன்னிக்காவது மொகம் சுளிக்காம தின்னு."

பக்கத்து வீட்டில் கத்தி கட்டையில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.